ப்ளக் என் பாக்கெட்டில்தான் இருந்தது

இது கதை இல்லை. கதை என்று நினைத்து ஜாலியாகப் படிக்க வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நான் வாயால் சொன்னபோது சிரித்தவர்கள் நிறையப் பேர். யார் யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன நவம்பரில், மாடம்பாக்கத்தில், என் அக்கா வீட்டுக் கொல்லையில் நடந்தது. நடுராத்திரிகூட இல்லை. சாயங்காலம். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்த நேரம். பேய் என்றால் பன்னிரண்டு மணிக்குத்தான் வரவேண்டும் என்று எவன் சொன்னான்?

என் பெயர் ஹெப்சி. வீடு தாம்பரம் சானடோரியம். கிண்டியில் ஒரு கம்பெனியில் ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. நானும் என் அக்கா ஞானசௌந்தரியும் ஹாம் ரேடியோக்காரர்கள். அதாவது முறையாக லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே வயர்லெஸ் செட் வைத்து, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற மற்ற ஹாம்களோடு பேசுகிறவர்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். அவள் வீட்டுக் கொல்லையில் நாற்பதடி இரும்பு டவர் ஒன்று உண்டு. அதன் உச்சியில் ஒரு பெரிய ஆன்டெனா, மீன்முள் மாதிரி. நடுவில் நீளமான குழாய், குறுக்கே கம்பிகள்.

அந்த ஆன்டெனாவுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. யாரோடு பேசவேண்டுமோ அவர்கள் இருக்கிற திசைக்கு முன்முனையைத் திருப்பவேண்டும். முன்பெல்லாம் மொட்டை மாடியில் டிவி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "வருதா? இப்ப வருதா?" என்று கத்துவார்களே, அதேதான். இங்கே ஆள் திருப்புவதற்குப் பதில் ஒரு மோட்டார். அதற்கு ரொட்டேட்டர் என்று பெயர். ரேடியோ அறையில் இருக்கிற கன்ட்ரோல் பெட்டியில் திசையை வைத்தால், மேலே அது சுற்றி அங்கே போய் நிற்கும். எந்தத் திசையில் நிற்கிறது என்று பெட்டியில் ஒரு ஊசி காட்டும். நின்றதும் பிரேக் விழும்.

'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

இப்போது முக்கியமான விஷயம். மேலே ஆள் ஏறியிருக்கும்போது மோட்டார் சுற்றினால், அந்தக் குழாய் ஆளைத் தட்டிவிடும். அதனால் அக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். டவரின் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. மோட்டாருக்குப் போகிற ஒயர் அங்கே துண்டாகி, உள்ளங்கை அளவு ப்ளக் ஒன்றின் வழியாகத்தான் மறுபடி சேரும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டால் மோட்டாருக்குக் கரண்ட் போக வழியே கிடையாது. ஏறுகிறவர் ப்ளக்கைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் முதல் படியில் கால் வைக்கவேண்டும். பாக்கெட் வேண்டும் என்பதற்காகவே அக்கா தன் வீட்டுக்காரரின் பழைய சட்டையைச் சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு ஏறுவாள். தாம்பரம் பக்கத்து ஹாம்கள் எல்லோரும் அவளைப் பார்த்து இதே மாதிரி ப்ளக் வைத்துக்கொண்டார்கள்.

போன ஆகஸ்டில் அவள் அந்த டவரிலிருந்து விழுந்து செத்துப்போனாள்.

ஆன்டெனா பாதி சுற்றும்போது கரண்ட் போயிருக்கிறது. ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து அக்கா ஏறியிருக்கிறாள். அவள் மேலே இருக்கும்போது கரண்ட் திரும்பி வந்தது. விட்ட இடத்திலிருந்து மோட்டார் சுற்றத் தொடங்கியது. அவள் இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாற்றிக்கொண்டிருந்த நேரம். குழாய் தோளில் அடித்தது. மணி ஆறே கால்.

ஓடி வந்தவர்கள் பார்த்தபோது ப்ளக் பெட்டியிலேயே மாட்டி இருந்தது.

அவ்வளவுதான். முடிந்தது விஷயம். "ப்ளக்கைக் கண்டுபிடிச்ச டீச்சரே ப்ளக்கை மறந்துட்டாங்க." எங்கள் ஹாம் கிளப்பை நடத்துகிற ஜலால் பாய், புதிதாக யார் சேர்ந்தாலும் இதைச் சொல்லித்தான் பாதுகாப்பு வகுப்பை ஆரம்பிப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு உச்சந்தலை வரை எரியும். சர்ச்சுக்குக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூன்று தடவை பார்த்துவிட்டு வருகிறவள் என் அக்கா. அவள் மறந்தாளாம். செத்தவளால் எழுந்து வந்து இல்லை என்று சொல்ல முடியாது என்கிற தைரியம்.

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

நவம்பரில் தனசிங் அத்தான் போன் செய்தார். அக்காவின் வீட்டுக்காரர். ரேடியோ பற்றி ஒன்றும் தெரியாது. ரயில்வேயில் கணக்குப் பிரிவு.

"ஹெப்சி, அந்த ஆன்டெனா தானா திரும்புதும்மா."

"காத்துல திரும்பும் அத்தான். பிரேக் போயிருக்கும்."

"காத்து இல்லாதப்பவும் திரும்புது. சாயங்காலம் ஆனா 'டக்'குன்னு சத்தம் வருது. ரேடியோ ரூமைப் பூட்டி மூணு மாசம் ஆச்சு. சுவர்ல இருந்து எல்லா ப்ளக்கையும் நான்தான் புடுங்கினேன்."

"எந்தப் பக்கம் நிக்குது?"

"எப்பவும் மேற்க. கொஞ்சம் தெற்கால சாஞ்சு. போன ஞாயித்துக்கிழமை மட்டும் தென்கிழக்கு. நான் போய்ப் பார்க்கறதில்லை. துணி எடுக்கப் போனா கண்ணுல படுது."

அவர் குரல் உடைந்துபோனது. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன்.

தனியாக டவரில் ஏறக் கூடாது. கீழே ஒருவர் நிற்கவேண்டும், அது எங்கள் வழக்கம். கிளப் குரூப்பில் கேட்டேன். அடுத்த நிமிடமே மெர்வின் பதில் போட்டான். "நான் வரேன் அக்கா." படப்பையில் இருப்பவன். அக்கா விழுந்த அன்றும் கீழே நின்றவன் அவன்தான். சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் ஒருவன். எல்லோரையும்விட அதிகமாக அழுதவனும் அவன்தான்.

நல்ல பையன் என்று நினைத்தேன். நினைத்தேனே!

சனிக்கிழமை நான் நாலரைக்கே போய்விட்டேன். மழை விட்டு, வானம் அழுக்கு வேட்டி நிறத்தில் இருந்தது. அத்தான் சாவியைக் கொடுத்துவிட்டு முன்னறையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரேடியோ அறையைத் திறந்தேன். தூசி, அக்காவின் ஹெட்போன், அவள் பாதி குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டில். அதைப் பார்த்ததும் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

கன்ட்ரோல் பெட்டியைப் பார்த்தேன். சுவர் ப்ளக் பிடுங்கித்தான் கிடந்தது. கரண்ட் இல்லாத பெட்டியில் ஊசி இடது கோடியில் விழுந்து கிடக்கவேண்டும். இது மேற்கில் நின்றது. சரி, ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியைத் தட்டினேன்.

அசையவில்லை.

பின்பக்க ஒயர்களில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். மோட்டாரின் சுருள் இரண்டும் நன்றாகவே காட்டின. மோட்டார் சாகவில்லை. அப்படியானால் பழுது பிரேக்கில். மேலே ஏறித்தான் ஆகவேண்டும். குறித்துக்கொள்ள பேனா தேடினேன். திரும்பிப் பார்த்தபோது...

ஊசி மேற்கில் இல்லை. வடமேற்கில் இருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றேன். மெல்ல, மிக மெல்ல, கடிகாரத்தின் நிமிட முள் மாதிரி அது வடக்குப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. சரியாக வடக்கில் வந்து நின்றது. மேலேயிருந்து சத்தம் கேட்டது.

டக்.

வாசல் கேட் வடக்குப் பக்கம். அந்த நேரம் பார்த்து வெளியே பைக் ஹாரன் அடித்தது.

"அக்கா, லேட்டாயிடுச்சு. தாம்பரம் பிரிட்ஜ்ல செம டிராபிக்" என்று மெர்வின் உள்ளே வந்தான்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. காந்தம், நிலை மின்சாரம், ஈரம் என்று படித்த படிப்பெல்லாம் வரிசையாக வந்து எனக்குச் சமாதானம் சொன்னது.

அத்தான் டீ கொண்டுவந்தார். மெர்வின் அறைக்குள் வரவே இல்லை. கொல்லை வாசலிலேயே நின்று குடித்தான். சும்மா இருக்கவேண்டாம் என்று, "போன சண்டே எங்க போன? நெட்ல உன் குரலே இல்லை" என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லா ஹாம்களும் ஒரே அலைவரிசையில் வந்து வருகை சொல்வோம். அதைத்தான் நெட் என்போம்.

"கோவளம் போயிருந்தேன்கா. மச்சான் வூட்ல. வஞ்சிரம் வாங்கினு சாயங்காலம் வரிக்கும் அங்கதான்."

கோவளம். மாடம்பாக்கத்திலிருந்து தென்கிழக்கு.

படப்பை. மேற்கு, கொஞ்சம் தெற்கால் சாய்ந்து.

டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் என்ன சொல்வது? ஆன்டெனா உன்னையே பார்க்கிறதடா என்றா?

அத்தானின் சட்டை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பெல்ட்டைக் கட்டினேன். டவர் அடிக்கு வந்ததும் மெர்வின் முந்திக்கொண்டான்.

"பாக்ஸை நான் பார்த்துக்கிறேன்கா. நீங்க மேல போங்க. இருட்டப் போவுது."

"ப்ளக்கை நான் எடுக்கணும்."

"நான் எடுத்துத் தரேன்."

"ஏறுறவங்கதான் எடுக்கணும். தள்ளு."

அவன் தள்ளவில்லை. தோளைப் பிடித்து நகர்த்தினேன். மூடியைத் திறந்து ப்ளக்கைப் பிடுங்கினேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. பின்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. துரு என்று நினைத்துக்கொண்டேன். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் பெரும்பாலும் போய்விட்டது. தூரத்தில் கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் ஏரி, தாம்பரம் பக்கம் விளக்குகள். இரண்டு கொக்கியையும் மாட்டினேன். ஆன்டெனாக் குழாய் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, வடக்கே பார்த்து நின்றது. கையால் தள்ளிப் பார்த்தேன். பிரேக் போயிருந்தால் ஆடவேண்டும். ஒரு நூல்கூட அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் எது சுற்றுகிறது?

சரியாக அந்த நேரம் தெருவில் கரண்ட் போனது.

மாடம்பாக்கம் முழுக்க இருட்டு. பக்கத்து வீட்டு மிக்சி பாதியில் நின்றது. யாரோ "போச்சுடா" என்று சலித்துக்கொண்டார்கள். மொபைலில் மணி பார்த்தேன்.

ஆறே கால்.

கீழே மெர்வின் டார்ச் போட்டான். வெளிச்சம் டவர் அடியில் நின்றது. பெட்டியின் மூடி திறந்திருந்தது. அவன் குனிந்து உள்ளே கையை விட்டிருந்தான். கையில் ஒயர் கட்டர்.

"மெர்வின்! அங்க என்னடா பண்ற?"

கட்டர் வெட்டுகிற சத்தம் மேலே வரை கேட்டது.

பிறகு... இன்னொரு சத்தம்.

டக்.

பிரேக் திறக்கிற சத்தம். என் வயிற்றுக்குப் பக்கத்திலேயே.

குழாய் நகர்ந்தது.

மோட்டார் ஓசை இல்லை. காற்று இல்லை. பக்கத்துத் தென்னையில் ஓர் ஓலைகூட ஆடவில்லை. ஊரிலேயே கரண்ட் இல்லை. ப்ளக் என் பாக்கெட்டில் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. குழாய் மட்டும் நகர்ந்தது.

நான் தலையைக் குனிந்தேன். குறுக்குக் கம்பி முடியை உரசிக்கொண்டு போனது.

கீழே மெர்வின் நிமிர்ந்து பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். கிணற்றுப் பக்கம். கிழக்கு.

குழாய் கிழக்கே திரும்பியது.

டக்.

அவன் துணி துவைக்கிற கல் பக்கம் ஓடினான். தெற்கு.

குழாய் சுற்றியது... தெற்கே நின்றது.

டக்.

"அக்கா, நிறுத்துக்கா!" என்று கத்தினான்.

"நான் ஒண்ணும் பண்ணலடா!"

அவன் கேட்டுக்கு ஓடினான். கேட் திறக்கவில்லை. நாங்கள் வந்தபோது அத்தான் வெறும் கொண்டிதான் போட்டிருந்தார். அது திறக்கவில்லை. இரும்பைப் போட்டு உலுக்கினான். டார்ச் வெளிச்சம் எகிறிக் குதித்தது.

என் தலைக்கு மேல் குழாய் முழுச் சுற்று வந்தது. இந்த முறை வேகமாக.

விஷ்ஷ்...

கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன்.

எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, உயிரே போகிற மாதிரிப் பயம். ஆனால் அதற்கும் மேலே கோபம் பொங்கியது.

"சௌந்தரி! நான்டி! ஹெப்சி! என்னையும் தள்ளிவிடப் பார்க்கிறியா?"

குழாய் நின்றது.

என் நெற்றிக்கு நாலு விரல் தள்ளி.

அப்படியே... மெல்ல... பின்வாங்கி, என்னை விட்டுவிட்டு, அடுத்த பக்கமாகச் சுற்றிப் போய் கேட்டைப் பார்த்து நின்றது.

டக்.

கீழே மெர்வின் மண்ணில் மண்டி போட்டிருந்தான். என்னைப் பார்த்துப் பேசவில்லை. ஆன்டெனாவைப் பார்த்துப் பேசினான்.

"டீச்சர், மன்னிச்சிடுங்க டீச்சர். மழையில ப்ளக் லூஸ் கான்டாக்ட் ஆயி ஊசி ஆடிகினே இருந்துச்சு. ரேடியோ போட்டி நடக்குற நேரம். நான்தான் ப்ளக்குக்குப் பின்னாடி ஒயரை நேரா ஜாயின்ட் அடிச்சேன். அப்பாலிக்கா எடுத்துடலாம்னு... உங்ககிட்ட சொல்லல. நீங்க ப்ளக்கைப் புடுங்கி பாக்கெட்ல போட்டப்போ எனக்குத் தெரியும். சொல்ல வாய் வந்துச்சு. திட்டுவீங்கன்னு... கரண்ட்தான் இல்லையேன்னு வுட்டுட்டேன்..."

நான் மேலே தொங்கிக்கொண்டே கேட்டேன். "அப்ப பெட்டியில எப்படிடா வந்துச்சு ப்ளக்?"

அவன் அழுதான்.

"நான்தான் எடுத்து மாட்டினேன். அவங்க பாக்கெட்லேர்ந்து. ரத்தமா இருந்துச்சு. சட்டையில தொடச்சுட்டு மாட்டினேன்."

கரண்ட் வந்தது. தெருவிளக்கு எரிந்தது. மிக்சி விட்ட இடத்திலிருந்து ஓடியது. அவன் கொண்டியைத் தூக்கினான், கேட் சாதாரணமாகத் திறந்தது, பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. கால் தரையில் பட்டதும் முதல் வேலையாகப் பெட்டிக்குள் பார்த்தேன். ப்ளக்குக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள். ப்ளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டாருக்குக் கரண்ட் போகிற குறுக்கு வழி. எட்டு ஒயரில் மூன்றை வெட்டியிருந்தான். மீதி ஐந்து அப்படியே இருந்தன. அக்கா செத்த அன்று கூட்டம் கூடிவிட்டதால் எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அத்தான் கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டார். மூன்று மாதம் காத்திருந்து, நான் குரூப்பில் கேட்டதும் ஓடி வந்தான், நல்ல பையன்.

ப்ளக்கின் மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே பின்களின் அடி முழுக்கப் பழுப்பாகக் காய்ந்திருந்தது. மூடிய பெட்டிக்குள் இருந்த ப்ளக்குக்குள் ரத்தம் எப்படிப் போகும்?

என் அக்கா மறக்கவில்லை. மறக்கவே இல்லை. முறைப்படி ப்ளக்கைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, அதை நம்பி ஏறியிருக்கிறாள்.

அத்தானிடம் சொன்னேன். அவர் அந்தப் ப்ளக்கை வாங்கித் தன் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

இதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மறுநாளே மெர்வின் எல்லாவற்றையும் மறுத்துவிட்டான். ஜலால் பாய்க்கு நான் போட்டோ அனுப்பினேன். அவர் போன் செய்தார்.

"ஹெப்சிம்மா, ஜாயின்ட் யார் வேணா போட்டிருக்கலாம். டீச்சரே கூடப் போட்டிருக்கலாம். ப்ளக்ல இருக்கிறது துருவா இருக்கலாம். மெர்வின் என்ன சொல்றான்னா, நீங்க மேல பயந்துபோய் கத்துனீங்களாம், அதுல ஏதோ உளறிட்டானாம்."

"ஆன்டெனா அவன் பின்னாடியே சுத்துச்சு பாய்!"

"பிரேக் போயிருக்கும்மா. காத்துக்குச் சுத்தும்."

போனைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். தவணை பாக்கி இருந்ததால் விட்டேன். குரூப்பில் இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஆள் வைத்து ஆன்டெனாவையும் ரொட்டேட்டரையும் கீழே இறக்கினேன். மோட்டாரை மேசையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பிரேக்கில் ஒரு பல்கூடத் தேயவில்லை. ஒரு ஆள் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் இரும்புக் குழாய் போட்டுத் திருப்பினாலும் அசையவில்லை.

இப்படியே ஒரு வாரம் போனது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மெர்வினிடமிருந்து போன் வந்தது.

"அக்கா... இன்னாக்கா இது? உங்க வேலையா?"

"எதுடா?"

"எங்க வூட்டு ஆன்டெனா சுத்துது."

"பிரேக் போயிருக்கும். காத்துக்குச் சுத்தும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மனசுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது தெரியுமா?

அடுத்த நாளும் போன் செய்தான். அதற்கடுத்த நாளும். எல்லாம் அதே நேரம், ஆறே கால். கிச்சனுக்குப் போனால் கிச்சன் பக்கம் திரும்புகிறதாம். பாத்ரூம் போனால் பாத்ரூம் பக்கம். படுத்தால் கட்டில் பக்கம். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோவளத்துக்குப் போய்விட்டாளாம். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நெட். ஜலால் பாய் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு வந்தார். மெர்வின் முறை வந்தது. வருகை சொல்லவில்லை. முழுதையும் சொன்னான். ஜாயின்ட் அடித்தது, சொல்லாமல் விட்டது, ரத்தத்தைத் துடைத்தது, மாட்டியது, ஊர் முழுக்கப் பழியை அவள் மேல் போடவிட்டது. நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தோம். சிரித்த இரண்டு பேரும் இருந்தார்கள்.

ஜலால் பாய் தழுதழுத்த குரலில் அக்காவின் அழைப்புக் குறியை, அதாவது ரேடியோவில் அவளுடைய பெயரை, ஒரே ஒரு முறை சொல்லிக் கூப்பிட்டார். ஒரு ஹாம் இறந்துபோனால் கடைசியாக அப்படிக் கூப்பிட்டு, பதிலுக்கு ஒரு நிமிடம் அலைவரிசையைக் காலியாக விடுவார்கள். அக்காவுக்கு அதை யாரும் செய்திருக்கவில்லை. வெறும் இரைச்சல் மட்டும் ஓடியது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்போதுதான் முதல் முறையாக அழுதேன்.

அன்று சாயங்காலம், ஆறே கால். போன் அடித்தது.

"அக்கா, எல்லாத்தையும் சொல்லிட்டேனேக்கா. போலீஸ்லயும் சொல்றேன்னு ஜலால் பாய்கிட்ட ஒத்துக்கினேன். இன்னும் சுத்திகினுதான் கீது. நீங்க வந்து கழட்டிடுங்கக்கா. வேற யாரும் ஏற மாட்டேன்றாங்க."

எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன். வரவே இல்லை.

"நீயே ஏறுடா. எப்படி ஏறணும்னு எங்க அக்கா சொல்லிக்கொடுத்திருக்கா இல்ல? மோட்டார் ப்ளக்கைப் புடுங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஏறு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில்...

டக்.

"அக்கா" என்றான் மெர்வின். "எங்க வூட்ல ரொட்டேட்டரே கிடையாதேக்கா. வெறும் பைப்புல போல்ட் போட்டு நிறுத்தினது. மோட்டார் இல்ல. ஒயர் இல்ல. எந்தப் ப்ளக்கைக்கா நான் புடுங்கறது?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் ஜலால் பாய் படப்பைக்குப் போய்ப் பார்த்தார். நான் போகவில்லை. திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு போல்ட்டும் துருப் பிடித்து இறுகிக் கிடக்கிறதாம். ஸ்பேனர் போட்டும் அசையவில்லையாம். ஆனால் குழாயைச் சுற்றி, போல்ட் பிடித்திருக்கிற இடத்தில் மட்டும், துரு எல்லாம் உதிர்ந்து, புது வளையல் மாதிரி ஒரு சுற்று பளபளவென்று தேய்ந்திருக்கிறதாம்.

இப்போதும் தினமும் ஆறே காலுக்கு என் போன் அடிக்கிறது. நான் எடுப்பதில்லை.